மிதிக்க ஆளில்லாத சனிக்கிழமை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் காரின் பிரேக் பெடலை மிதித்தேன். அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. என் இரண்டு காதுகளும் கொதித்தன.

அன்று சனிக்கிழமை. மதியம் இரண்டரைக்கு எனக்கு டிரைவிங் டெஸ்ட். மூன்றாவது தடவை, கடைசித் தடவையும் கூட. பழகுவதற்காகக் கொடுத்த என் லைசென்ஸ் அன்றோடு காலாவதி. அதற்குள் தேறாவிட்டால் எழுத்துத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எட்டு வாரம் ஆகும். எனக்கு எட்டு வாரம் இல்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணி வரைதான் இருந்தது.

ஏன் திங்கட்கிழமை என்றால், நான் நர்ஸ். பத்தொன்பது வருடமாக ஒரே மருத்துவமனையில், அதே இரண்டாம் மாடி வார்டில் வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை ஒன்று காலியானது. கேட்டவர்களில் என் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் கார் ஓட்டத் தெரிய வேண்டும். "திங்கக்கிழமை லைசென்ஸோட வந்தா வண்டிச் சாவி உனக்கு. இல்லேன்னா அடுத்தவளுக்கு" என்று எங்கள் தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். படுத்தே கிடந்த ஒருவரை உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்து, லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று கையசைப்பேன். லிஃப்ட் கதவு மூடும். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் என்ன ஆனார்? வீட்டு மாடிப்படியில் ஏறினாரா? மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா? எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக பாதிக் கதையை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். மீதிக் கதையை அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அந்த வெறிக்கு முன்னால்தான் பெடல் இப்படிச் சவசவவென்று தரையைத் தொட்டது.

முந்தின நாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் முன்சக்கரம் இரண்டுக்கும் புது காலிப்பர் மாட்டியிருந்தார். காலிப்பர் என்பது வேறொன்றுமில்லை. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்பு வாய். பழையவை துருப்பிடித்து இறுகிவிட்டன. என் டெஸ்டுக்காகத்தான் மெனக்கெட்டு மாட்டினார், அதை மறுக்க மாட்டேன். மாட்டிய பிறகு ஏர் எடுத்தோம். பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். துளி காற்று புகுந்தாலும் நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே வீணாகிவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குப் பெயர்தான் ஏர் எடுப்பது.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. கல்யாணமான வருடத்திலிருந்து அதே முறைதான். அவர் சக்கரத்தடியில் ஸ்பேனரோடு உட்காருவார். நான் டிரைவர் சீட்டில் உட்காருவேன். அவர் "மிதி!" என்பார். நான் மிதிப்பேன். "பிடி!" என்பார். மிதித்தபடியே பிடித்துக்கொள்வேன். அவர் காலிப்பரில் நிப்பிள் என்கிற சின்னத் திருகுத் துளையைத் திறந்து, காற்றும் ஆயிலும் கொஞ்சம் வந்ததும் மூடிவிட்டு, "விடு!" என்பார். விடுவேன். "மெதுவா மிதி! மாடு உதைக்கிற மாதிரி உதைக்காதே! மெதுவா!" என்பதும் நடுநடுவே வரும். இப்படி இருபது வருடமாக எனக்கும் பெடலுக்கும் பந்தம். கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் பெடல் நழுவிவிடும், திட்டு விழும். அதனால் நான் பார்த்ததே இல்லை.

அந்த மெதுவான மிதிதான் இரண்டாவது டெஸ்டில் என் காலை வாரியது. டெஸ்டில் ஒரு இடத்தில் அதிகாரி திடீரென்று "நிறுத்துங்க!" என்பார். அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். என் கால் இருபது வருடப் பழக்கத்தில் மெதுவாக, மரியாதையாக மிதித்தது. வண்டி ஆடி அசைந்து மூன்று வண்டி நீளம் போய் நின்றது. "நிறுத்துங்கன்னா நிறுத்தணும்மா. யோசிச்சுட்டு நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. "ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் படுத்துவிட்டார். விடிகாலை நாலு மணிக்கு டியூட்டிக்கும் போய்விட்டார். என்ன டியூட்டி தெரியுமா? ரயில் ஓட்டுகிறார். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியைக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தத் தெரிந்த மனிதர், எனக்கு இப்படி ஒரு பெடலை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

முக்குக் கடை மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமை லீவு. இன்னொருவர் ஆறு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆறு மணிக்கு வந்து என் தலையெழுத்தையா பழுது பார்ப்பார்? வேறு கார் வாங்கிக்கொண்டு போகலாமென்றால் விண்ணப்பத்தில் இந்தக் கார் நம்பரைத்தான் எழுதியிருந்தேன். என் அக்கா பேக்கரி வேன் ஓட்டுகிறவள். டெஸ்ட் நடக்கிற இடம் வரைக்கும் என் பக்கத்து சீட்டில் லைசென்ஸோடு உட்கார வேண்டியவளும் அவள்தான். ஆனால் ரொட்டி முழுக்க இறக்கிவிட்டு அவள் வருவதற்கே இரண்டு மணியாகும்.

மாடி வீட்டிலிருந்து குரல் வந்தது. "சிஸ்டர், என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?"

மாடியில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஏணியிலிருந்து விழுந்து வலது கால் முழுக்க மாவுக்கட்டோடு மூன்று வாரமாக பால்கனியிலேயே வாசம். தெருவில் எது நடந்தாலும் கிரிக்கெட் மாதிரி வர்ணனை கொடுப்பார். அதனால் நாங்கள் அவருக்கு வர்ணனை என்றே பெயர் வைத்திருந்தோம்.

"பிரேக் இல்லண்ணே!"

"அய்யய்யோ! இன்னிக்குத்தானே டெஸ்ட்? நான் வந்து மிதிச்சிருப்பேனே. கால் இப்படி ஆயிப்போச்சே!"

"நீங்க அங்கேயே இருங்க. படியில இறங்கி இன்னொரு காலையும் ஒடைச்சுக்காதீங்க!"

பத்து மணிக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் பத்து நிமிடம் நின்றிருந்தார்.

"பெடல் கீழ போகுதா? ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணிப் பாரு."

"பண்ணிட்டேன். மூணாவது மிதிக்குத்தான் நிக்குது. அந்தாளு நிறுத்துங்கன்னு சொன்னதும் மூணு தடவை மிதிக்க எனக்கு யாருங்க நேரம் குடுப்பாங்க?"

"அப்ப ஏர்தான். நாளைக்கு வந்து எடுத்துடறேன். டெஸ்ட்டைத் தள்ளிப் போடு."

"தள்ளிப் போட நாளே இல்லைன்னு நூறு தடவை சொல்லியாச்சு!"

"அதுக்கு நான் என்ன பண்ண? பிரேக்கு விளையாட்டு இல்லம்மா. ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் கீழ பாக்கணும். தனியா எதையும் தொட்டு வைக்காதே. உனக்கு மிதிக்க மட்டும்தான் தெரியும்."

அந்தப் பக்கம் ஊதல் கேட்டது. சிக்னல் விழுந்துவிட்டது, போன் வைத்துவிட்டார். நல்லவேளை வைத்தார்.

மிதிக்க மட்டும்தான் தெரியுமாம். இந்த இரண்டு கையாலும் எத்தனை ஆயிரம் ஊசி, எத்தனை ஆயிரம் குழாய் போட்டிருப்பேன்! எத்தனை நரம்பு தேடிப் பிடித்திருப்பேன்! மழையில் நனைந்த ஜவுளிக்கட்டு மாதிரி உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்தாரா? புடவையை மாற்றி, அவருடைய பழைய சட்டையும் பேண்டும் மாட்டிக்கொண்டு, ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஆஹா! சிஸ்டர் களத்துல இறங்கிட்டாங்க!" என்றார் வர்ணனை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் தாங்கி வைத்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றுவதெல்லாம் எனக்குத் தெரியும். டெஸ்டுக்கே படித்ததுதான். சக்கரத்தைக் கழற்றியதும் முதன்முறையாக அந்த இடத்தை நேருக்கு நேராகப் பார்த்தேன். புது காலிப்பர் பளபளவென்று இருந்தது. அதில் சின்னதாக, ரப்பர் மூடி போட்ட நிப்பிள். அட, இவ்வளவுதானா நீ! இதற்கா இருபது வருடம் என்னை எட்டிப் பார்க்க விடவில்லை?

இப்போது யோசனை. ஒற்றை ஆளாக என்ன சிக்கல்? நிப்பிளைத் திறந்துவிட்டுப் போய் மிதித்தால் காற்று வெளியே வரும். காலை எடுத்தால் அதே துளை வழியாக வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மிதித்துப் பிடிக்க ஒருவர், மூட ஒருவர்.

ஆனால் இந்தச் சிக்கலை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே!

நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டாக்டர் குழாய் போடுவார். அந்தக் குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கி வைப்போம். மூச்சு விடும்போது காற்று குமிழாக வெளியே வரும். மூச்சு இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை, வாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறது. அந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் எத்தனை ராத்திரி உட்கார்ந்து குமிழை எண்ணியிருக்கிறேன்!

"அண்ணே! கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"மிதிக்க ஆளே வேண்டாம்!"

முதலுதவி வகுப்பில் செய்து காட்டுவதற்காக வைத்திருந்த காலாவதியான டிரிப்ஸ் ட்யூப் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை நிப்பிளில் இறுக்கமாகச் செருகினேன். தெளிவான கண்ணாடி பாட்டிலில் நாலு விரல் அளவு பிரேக் ஆயில் ஊற்றி, மறுமுனையை அதில் முக்கினேன். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தேன். ஓடினேன், சீட்டில் உட்கார்ந்தேன், மெதுவாக மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். திரும்ப ஓடி வந்து பார்த்தேன். ட்யூபில் ஆயில் வந்திருந்தது. காலை எடுத்தபோது திரும்பிப் போனதும் ஆயில்தான், காற்றில்லை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேன் என்றுதான் வர்ணனை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

பானெட்டுக்கு அடியில் இருக்கிற ஆயில் டப்பா காலியாகிவிடக் கூடாது, அதையும் பார்த்துக்கொண்டேன். பாட்டில் தீருவதற்கு முன்னால் அடுத்த பாட்டில் மாற்றுவது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமா? ஐந்து மிதிக்கு ஒரு தடவை ஊற்றினேன். இடது பக்கம் முடித்து, வலது பக்கம் போனேன். ஆயில் சுத்தமாக வந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. இரண்டு நிப்பிளையும் மூடிவிட்டு, மணி பன்னிரண்டுக்குச் சீட்டில் உட்கார்ந்து வெற்றி வீராங்கனை மாதிரி மிதித்தேன்.

பெடல் சவசவவென்று தரைக்குப் போனது.

இன்னொரு தடவை மிதித்தேன். அதே கதை. அப்படியே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். குமிழே வரவில்லை, அப்படியானால் காற்றில்லை. காற்றில்லை என்றால் பெடல் ஏன் கீழே போகிறது?

"சிஸ்டர், மணி பன்னண்டு பத்து!" என்றார் வர்ணனை.

"மணி எனக்கும் தெரியும்!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

இறங்கிப் போய் இடது சக்கரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலது பக்கத்திலிருந்து உருவிய ட்யூப் இன்னும் கையிலேயே இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை விரலால் சுண்டினேன். வார்டில் டிரிப்ஸ் போடும்போது ட்யூபில் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் சுண்டுவோம். சுண்டினால் குமிழ் விடுபட்டு மேலே ஏறும். எப்போதும் மேலேதான் ஏறும். அதனால்தான் குழாயில் இருக்கிற சின்னக் குப்பிகளைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவோம். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லுவேன், "காத்து மேலதான் போகும்டீ, வழியை மேல வை" என்று.

வழியை மேலே வை.

காலிப்பரைப் பார்த்தேன். ஆயில் வருகிற குழாய் மேலே இருந்தது. நிப்பிள் கீழே இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றது.

கழற்றிய பழைய காலிப்பர் இரண்டும் அட்டைப்பெட்டியில் கிடந்தன. வலது, இடது என்று சாக்பீஸால் வீட்டுக்காரரே எழுதி வைத்திருந்தார். இடது என்று எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்து, செருப்பைக் காலுக்கு வைத்துப் பார்க்கிற மாதிரி இடது சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் நிப்பிள் வானத்தைப் பார்த்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ரெண்டையும் மாத்தி மாட்டி வச்சிருக்கீங்களே! இடதை வலதுல, வலதை இடதுல!"

எல்லாம் விளங்கிவிட்டது. காலிப்பர் நன்றாகத்தான் கவ்வும், அதில் கோளாறில்லை. ஆனால் காற்றெல்லாம் மேல் மூலையில் ஏறி சொகுசாக உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கீழ்த் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எப்படி வரும்? ராத்திரி முழுக்க மிதித்திருந்தாலும் வந்திருக்காது.

"என்னாச்சு சிஸ்டர்? சொல்லிட்டுத் திட்டுங்க!" என்றார் வர்ணனை. ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப கழட்டி மாத்தி மாட்டுங்க!"

"முடியாதுண்ணே. குழாயைக் கழட்டினா இருக்கிற ஆயில் எல்லாம் ஒழுகிடும். கால் டப்பாதான் பாக்கி இருக்கு!"

மணி பன்னிரண்டரை. மாற்றி மாட்ட ஆயிலும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் மாற்ற வேண்டியது காலிப்பரையா? காற்றுக்கு வேண்டியது மேலே ஒரு வழி. படுக்கையில் இருப்பவர் எழுந்து உட்கார முடியாவிட்டால் நாம் படுக்கையை நிமிர்த்துவதில்லையா?

குழாயை அப்படியே விட்டுவிட்டு, காலிப்பரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றினேன். இரும்பு வாய் டிஸ்க்கை விட்டு என் கைக்கு வந்தது. நல்ல கனம், பிறந்த குழந்தை அளவுக்கு இருந்தது. குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, நிப்பிள் உச்சியில் வருகிற மாதிரி அதைத் திருப்பினேன். கிரேப் பேண்டேஜ் ஒரு சுருள் எடுத்து, சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். எலும்பு முறிந்த கையைத் தொங்கவிட்டுக் கட்டுவது என் தினப்படி வேலை, அந்தக் கட்டு அவிழுமா? டிஸ்க் இல்லாமல் மிதித்தால் உள்ளேயிருந்து தள்ளுகிற பிஸ்டன் பிதுங்கி வெளியே விழுந்துவிடும். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னவள் நான். அன்று இந்த இரும்பு வாய்க்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, காய் நறுக்குகிற பலகையின் தடித்த கைப்பிடியைக் கடிக்கக் கொடுத்தேன்.

ட்யூபை மாட்டினேன். பாட்டிலை வைத்தேன். நிப்பிளைத் திறந்தேன். ஓடினேன். ஒரே ஒரு மிதி மிதித்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தேன்.

ட்யூப் நிறைய குமிழ்! சின்னச் சின்னதாக, பெரிது பெரிதாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி பாட்டிலுக்குள் இறங்கி, புளுக் புளுக்கென்று மேலே வந்து உடைந்தன. காலிப்பரை உள்ளங்கையால் தட்டினேன். நடுவிரல் அளவுக்கு ஒரு குமிழ், குண்டு ராஜா மாதிரி, அசைந்து அசைந்து வந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான் அண்ணே, பெரிய மனுஷன் வந்துட்டான்!"

"சபாஷ் சிஸ்டர்! அடிங்க! விடாதீங்க!"

இன்னும் எட்டு மிதி. எட்டாவதில் ஒரு பொட்டுக் காற்றில்லை. நிப்பிளை மூடி, காலிப்பரை டிஸ்க்கில் திரும்பக் கவ்வவைத்து, இரண்டு போல்ட்டையும் தம் கட்டி முறுக்கினேன். வலது பக்கமும் அப்படியே. அங்கே பேண்டேஜ் கட்டுவதற்குள் மணி ஒன்று இருபது. ஆயில் டப்பாவில் கடைசி மூடி அளவு பாக்கி இருந்தபோது வலது பக்கக் குமிழும் நின்றது. சக்கரங்களை மாட்டி, நட்டெல்லாம் இறுக்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன்.

பெடல் பாதி தூரம் போய் நின்றது. கல் மாதிரி நின்றது. முழு பலத்தோடு மிதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். ஒரு இம்மிகூட இறங்கவில்லை. இறங்கிப் போய் இரண்டு நிப்பிளையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. அப்படியும் நம்பாமல், கையை ஹேண்ட்பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வாசலுக்குள்ளேயே ஏழெட்டுத் தடவை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் முதல் மிதியிலேயே நின்றது.

சரியாக இரண்டு மணிக்கு அக்கா வந்தாள். முகமெல்லாம் கரியும் கிரீஸுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடீ இது கோலம்?"

"பிரேக் போச்சுக்கா. நானே சரி பண்ணிட்டேன்."

"யாரு, நீயா? நீ பண்ண பிரேக்கை நம்பி நான் ஏறி உக்காரணுமா?" என்றாள். நேராகப் போய் சீட்டில் உட்கார்ந்து அவளே நாலு மிதி மிதித்தாள். வாசலில் முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு போடு போட்டு நிறுத்தினாள். இறங்கி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என் வேன் பிரேக்கே இப்படி இல்லடீ" என்றாள். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

முகம் கழுவ மட்டும்தான் நேரம் இருந்தது. அவருடைய பழைய சட்டையோடேயே டெஸ்டுக்குப் போனேன். அதே அதிகாரி. அதே தாள், அதே பேனா. பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தார். என் மேலிருந்து பிரேக் ஆயில் வாடை வீசியிருக்கும்.

வளைவு, திருப்பம், பின்னால் எடுப்பது எல்லாம் ஒழுங்காகப் போயின. கடைசியில் காலியான நீளத் தெரு வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியும் வரப்போகிறது என்று. மனசு முழுக்க அந்த இரண்டு இரும்பு வாய்கள்தான். உள்ளே ஒரு பொட்டுக் காற்றில்லை, நானே எண்ணி வெளியே அனுப்பியிருக்கிறேன்.

"நிறுத்துங்க!"

மாடு உதைக்கிற மாதிரி உதைத்தேன்.

வண்டி அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றது. அவருடைய பேனா பறந்து போய் முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. பெல்ட் அவரைப் பிடித்து சீட்டோடு இழுத்தது.

"போன தடவை வந்தது நீங்கதானேம்மா?" என்றார்.

"நான்தான் சார்."

குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். அந்தத் தாளில் இந்தத் தடவை பெருக்கல் குறி எங்கேயும் விழவில்லை. நான் அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றியது மட்டும் ஞாபகமிருக்கிறது. வீடு திரும்பியபோது வர்ணனை பால்கனியில் ஊன்றுகோலால் கம்பியைத் தட்டித் தட்டித் தெருவையே கூட்டி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். பையை வைக்கக்கூட விடாமல் லைசென்ஸ் தாளை நீட்டினேன். முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிப் பார்த்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல, ஓட ஓட சரியாயிடும்னு" என்றார்.

காது சூடாயிற்று. ஆனால் நான் கத்தவில்லை. அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஜாக்கியைப் போட்டு, நானே சக்கரத்தைக் கழற்றி, "பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. சாக்பீஸில் அவரே எழுதிய பழைய காலிப்பரை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று.

"இதையா உன் டெஸ்டுக்குன்னு மாட்டி வச்சேன்..." என்றார். "அப்புறம் எப்படி... யார் வந்து மிதிச்சா?"

"யாரும் வரல. நான்தான் மிதிச்சேன், நான்தான் பாத்தேன்."

பாட்டிலையும் ட்யூபையும் பலகையையும் காட்டிச் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து போய் புது ஆயில் டப்பா இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். நாளைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டிய வண்டி. திரும்ப ஒரு தடவை ஆயில் மாற்றும்போது இதே கூத்து வேண்டாம், இன்றே இரண்டையும் அதனதன் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்றார். மாட்டினோம். கடைசியில் ஏர் எடுக்க வேண்டிய நேரம் வந்தது. வழக்கம் போல ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினார். ஸ்பேனர் என் கையில் இருந்தது.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"மிதிங்க!" என்றேன்.

மிதித்தார்.

"மெதுவா! பிடிங்க!"

பிடித்தார். திறந்தேன். நிப்பிள் இப்போது மேலே இருந்தது. குமிழ்கள் என்னமாய் வந்தன! சிரித்துக்கொண்டே மூடினேன். "விடுங்க!"

"அங்க என்ன வருது? காத்தா, ஆயிலா? இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலையே!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"எனக்கும் இருபது வருஷமா தெரியல!" என்றேன்.

எட்டிப் பார்க்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கால் பெடலில், என் அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்கி வாங்க. இந்தத் தடவை பாட்டில் வச்சிக்கலாம். வந்து நீங்களும் பாருங்க" என்றேன்.